பேட்ச் போட்டாயிற்று, ரீபூட் செய்தீர்களா?

"லோக்கல் வல்னரபிலிட்டிதானே, அடுத்த மெயின்டனன்ஸில் பார்த்துக்கொள்ளலாம்."

ஊடுருவலுக்கு ஆளான ஒரு சர்வரைப் போன வாரம் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த அட்மின் தம்பி ஒரு பழைய மின்னஞ்சலைத் திறந்து காட்டினார். ரீபூட் செய்ய அனுமதி கேட்டு அவர் எழுதியதற்கு மேலிருந்து வந்த பதில் இது. இதே வரியை வேறு வேறு இடங்களில் பலமுறை படித்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த சர்வரில், ஓட்டை அடைக்கப்பட்ட புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எப்போதோ இன்ஸ்டால் ஆகிவிட்டது. பேக்கேஜ் பட்டியலில் சரியான எண்தான் இருந்தது. ஆனால் ஓடும் கர்னலின் எண்ணைச் சொல்லும் 'யூநேம்' கட்டளை காட்டியது பழைய எண். அப்டைம், அதாவது ரீபூட் இல்லாமல் ஓடிய காலம், 411 நாள். ரீபூட் செய்யாததால் புதிய கர்னல் டிஸ்க்கில் கிடந்தது, ஓடிக்கொண்டிருந்தது ஓட்டையுள்ள பழைய கர்னல்.

ஓட்டையின் பதிவு எண், சிவிஇ-2024-1086. லினக்ஸில் நெட்வொர்க் பாக்கெட்டுகளை வடிகட்டும் நெட்ஃபில்டர் பகுதியில், என்எஃப்-டேபிள்ஸில் இருந்தது. பாக்கெட்டைக் கைவிடச் சொல்லும் தீர்ப்போடு, பயனர் தரும் ஒரு பிழை எண்ணையும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது கோட். அந்த எண் 'ஏற்றுக்கொள்' என்பதன் எண்ணாகவே இருந்தால், கர்னல் பாக்கெட்டின் நினைவகத்தை விடுவித்துவிட்டு, பாக்கெட் இன்னும் உயிரோடிருப்பதாகவே மேலே போகும். கடைசியில் அதே நினைவகத்தை மறுபடி விடுவிக்கும். டபுள் ஃப்ரீ. அதிலிருந்து ரூட் (மெஷினின் முழு அதிகாரம்) வரை போகும் வழி இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2014இல் நுழைந்த பிழை, 2024 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம், நிஜத் தாக்குதலில் பயன்படுத்தப்படுபவை என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சீசா வைத்திருக்கும் பட்டியலில் ஏறிவிட்டது.

இப்போது அந்த 'லோக்கல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். லோக்கல் என்றால் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் என்று பொருள் இல்லை. ஆபீஸுக்குள் இருப்பவர் என்றும் இல்லை. அந்த மெஷினில் ஏதோ ஓர் எளிய பயனரின் பெயரில் ஒரு புரோகிராம் ஓட முடிந்தால் போதும், அதுதான் லோக்கல். இங்கே கோப்பு பதிவேற்றும் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஓட்டை வழியாக ஊடுருவியவருக்கு வெப் சர்வர் பயனரின் அதிகாரம் மட்டும் கிடைத்தது. எங்கோ தொலைவில் இருந்தவர் அந்த நொடியே லோக்கல் ஆகிவிட்டார். கர்னல் லாக்கில் ஒரு 'ஊப்ஸ்' (கர்னலே பதிவு செய்யும் பிழைச் செய்தி), அதாவது முதல் முயற்சி தோற்றிருக்கிறது. எட்டு நிமிடத்தில் ரூட். தீவிரத்துக்கான ஸ்கோர் பத்துக்கு 7.8தானே, 9க்கு மேல் இருப்பதை முதலில் பார்ப்போம் என்று வரிசை போடுகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்: தாக்குபவர் வெறும் ஒரு ஓட்டையோடு வருவதில்லை.

"நாங்கள் கன்டெய்னரில்தான் ஓட்டுகிறோம்" என்பது அடுத்த பதில். கன்டெய்னர் என்பது புரோகிராமைத் தனிமைப்படுத்தி ஓட்டும் பெட்டி; அதற்கென்று தனி கர்னல் கிடையாது, ஹோஸ்ட்டின் கர்னல்தான். கன்டெய்னர் ஓட்டும் மென்பொருளான டாக்கரின் இயல்பான செக்காம்ப் விதிகள் (கர்னலிடம் எதைக் கேட்கலாம் என்று கட்டுப்படுத்துபவை) புதிய யூசர் நேம்ஸ்பேஸ் (சாதாரணப் பயனருக்கும் உள்ளே ரூட் போன்ற அதிகாரம் தரும் தனி வெளி) உருவாக்குவதைத் தடுப்பதால் இந்த ஓட்டையில் ஓரளவு காப்பு உண்டு. அதையும் கழற்றிவிட்டு, எல்லா அதிகாரமும் தரும் பிரிவிலெஜ்டு மோடில் ஓட்டுவதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்றைக்கே ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் கர்னல் எண்ணையும் இன்ஸ்டால் ஆன எண்ணையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் ரீபூட். ரீபூட் இல்லாமலே கர்னலைத் திருத்தும் லைவ்பேட்ச் இருக்கிறதென்றால், இந்தக் குறிப்பிட்ட சிவிஇ அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். எல்லாத் திருத்தமும் அதில் வராது. உடனே ரீபூட் செய்யவே முடியாத இடத்தில், சாதாரணப் பயனர்கள் யூசர் நேம்ஸ்பேஸ் உருவாக்குவதை நிறுத்தி வையுங்கள். ரூட் அதிகாரமில்லாத பயனர் ஓட்டும் ரூட்லெஸ் கன்டெய்னர்கள் இருந்தால் அவை நின்றுபோகும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீண்ட அப்டைமைப் பெருமையாகச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அனுமதி கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: அந்தத் தம்பி கேட்டது பத்து நிமிடம். சர்வர் இப்போது நான்காவது நாளாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

ஒன்றே ஒன்று. காரணம் தெரியாத ஊப்ஸ் ஏற்கெனவே உங்கள் கர்னல் லாக்கில் இருந்தால் அவசரப்பட்டு ரீபூட் செய்துவிடாதீர்கள், மெமரியில் இருக்கும் தடயங்கள் போய்விடும். நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள், மெமரியை முழுதாகப் பிரதி எடுங்கள், பிறகு எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள்.