‘சாப்பிட்டாச்சா?’ என்று லோஜ்பானில் கேட்பது எப்படி?

‘சாப்பிட்டாச்சா?’ என்பதை லோஜ்பான் என்ற செயற்கை மொழியில் சொல்ல முயன்றபோது, முதலில் ‘ஃகு தோ பு ஷித்கா’ என்று எழுதினேன். ‘ஃகு’ கேள்விச்சொல், ‘தோ’ நீ, ‘பு’ இறந்தகாலம், ‘ஷித்கா’ சாப்பிடுவது. இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘பு’ என்றால் இப்போதைக்கு முன்னால், அவ்வளவுதான். போன வாரம் சாப்பிட்டவர்கூட ‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாம். எனக்கு வேண்டியிருந்தது ‘பாஹோ’. ஒரு காரியம் முடிந்து, முடிந்த நிலையில் இருப்பதை அது சொல்லும். நம்முடைய ‘ஆச்சு’ செய்கிற வேலைதான். ஆக, ‘ஃகு தோ பாஹோ ஷித்கா’.

லோஜ்பான் தானாக வளர்ந்த மொழி இல்லை, உட்கார்ந்து செய்த மொழி. மொழி நம் சிந்தனையை மாற்றுமா என்று சோதித்துப் பார்க்க, 1955-இல் ஜேம்ஸ் குக் பிரவுன் லொக்லான் என்ற மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதன் உரிமை பற்றிய தகராறில் 1987-இல் பிரிந்து வந்ததுதான் லோஜ்பான். ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாகப் பிரித்துப் படிக்க முடியாதபடி அதன் இலக்கணம் கட்டப்பட்டிருக்கிறது. வேர்ச்சொற்கள் 1,300-க்கு மேல், ஒவ்வொன்றும் ஐந்தெழுத்து. சீனம், இந்தி, ஆங்கிலம், ஸ்பானிஷ், ரஷ்யன், அரபி ஆகிய ஆறு மொழிகளின் ஒலிகளைக் கலந்து செய்தவை. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை.

ஒவ்வொரு வேர்ச்சொல்லுக்கும் காலி இடங்கள் உண்டு. ‘க்லாமா’வுக்கு ஐந்து: போகிறவர், போய்ச் சேரும் இடம், கிளம்பிய இடம், வழி, வாகனம். தமிழில் வேற்றுமை உருபு செய்வதை இங்கே வரிசை செய்கிறது. நடுவில் உள்ளதை விட்டுவிட்டு வாகனத்தை மட்டும் சொல்ல வேண்டுமா? ஐந்தாம் இடத்துக்கு ‘ஃபு’ என்று ஓர் அடையாளச் சொல் இருக்கிறது. ‘மி க்லாமா ஃபு லெ கார்ஷெ’ என்றால் நான் காரில் போகிறேன். ‘இல்’ என்பதைப் பின்னால் ஒட்டாமல் முன்னால் வைத்த மாதிரி.

தலைவலிக்கு வந்தபோதுதான் திணறினேன். ‘மி ஷொர்து லெ ஸ்தெது’. இதில் முதலிடம் வலியை உணர்கிறவருக்கு, இரண்டாவது வலிக்கும் உறுப்புக்கு. நமக்கு வலிப்பது தலை, நாமோ ‘எனக்கு’ என்று ஓரமாக நிற்கிறோம். அங்கே வலிப்பது நான். தலை வலிக்கிற இடம் மட்டுமே.

சில விஷயங்கள் நமக்குச் சுலபம். மழை பெய்கிறது என்பதற்கு ‘ஷர்வி’ என்ற ஒரு சொல்லே போதும். கண்ணால் பார்த்துச் சொன்னால் ‘ஸாஹா ஷர்வி’, யாரோ சொல்லிக் கேட்டிருந்தால் ‘திஹெ ஷர்வி’. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்கு ‘திஹெ’யைப் பெரிதாக விளக்க வேண்டியிருக்கிறது. நாம் ‘மழை பெய்யுதாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நாம், நாங்கள் வேறுபாடும் அப்படித்தான்: நீயும் நானும் என்றால் ‘மிஹோ’, உன்னை விட்டு நாங்கள் என்றால் ‘மிஹா’. அப்புறம் அந்த ‘ஃகு’வும் நம் ‘ஆ’ மாதிரி எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் வரும். ‘நீயா போகிறாய்?’, ‘கடைக்கா போகிறாய்?’ இரண்டையும் அதை இடம் மாற்றியே கேட்கலாம்.

மரபுத்தொடர்தான் வம்பு. ஆங்கில வழக்கை அப்படியே லோஜ்பானில் கொண்டுவந்து போடுவதை அங்கே ‘மல்க்லிஷோ’ என்று திட்டுவார்கள். ‘தலையில் மிளகாய் அரைத்தான்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் நானும் அதே குற்றவாளிதான். கேட்பவர் அம்மியைத் தேடுவார். அதற்குச் ‘ச்சிஷா’ இருக்கிறது: ஏமாற்றிய நிகழ்வு, ஏமாந்தவர், ஏமாந்து எதில் போய் விழுந்தார் என்று மூன்று இடங்கள். மிளகாய்க்கு இடமில்லை.

‘போயிட்டு வரேன்’தான் இன்னும் பிடிபடவில்லை. போவதும் வருவதும் அங்கே ஒரே ‘க்லாமா’. விடைபெற ‘ஷோஹோ’ இருக்கிறது, ஆனால் அதில் திரும்பி வருவதாகப் பேச்சே இல்லை. அதோடு ‘மி பா க்லாமா தோ’, அதாவது உன்னிடம் வருவேன், என்று சேர்த்துப் பார்த்தேன். வட்டிக்காரர் வாசலில் நின்று சொல்வது போல இருக்கிறது.