தாமதமாக வளையும் பந்து

சுவராக நின்ற வீரர்களுக்கு வலப்புறம் வெகுவாக விலகிப் பறந்த பந்து, கோலை நெருங்கும்போது இடப்புறம் வெட்டித் திரும்பி, கம்பத்தில் பட்டு வலைக்குள் புகுந்தது. 1997 ஜூன் 3 அன்று லியோனில் நடந்த கால்பந்து ஆட்டத்தில் பிரான்ஸுக்கு எதிராக பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ் சுமார் 35 மீட்டரிலிருந்து அடித்த ஃப்ரீ கிக் அது. வளைவு ஏன் கடைசியில் கூடியது?

காலும் பந்தும் தொட்டிருப்பது ஏறத்தாழ நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் 430 கிராம் பந்து நொடிக்கு 30 மீட்டர் வேகத்தை எட்ட, சராசரியாக 1,300 நியூட்டன் விசை தேவை. அது பந்தின் மையம் வழியாகப் போனால் வேகம் மட்டும் கிடைக்கும். சற்று விலகிப் போனால் சுழற்சியும் சேரும். மிக ஓரத்தில் உதைத்தால் கால் வழுக்கி, வேகம் போய்விடும்.

அதன்பின் எல்லாம் காற்றின் கையில். 30 மீட்டர் வேகத்தில் காற்றுத்தடை சுமார் 4 நியூட்டன், அதாவது பந்தின் எடை அளவுக்கே! வெற்றிடத்தில் 45 பாகையில் 92 மீட்டர் போக வேண்டிய பந்து, காற்றில் கிட்டத்தட்டப் பாதி தூரத்திலேயே விழுந்துவிடும்.

கார்லோஸ் இடது காலின் வெளிப்புறத்தால் பந்தின் வலப்பக்கத்தை உதைத்தார். மேலிருந்து பார்த்தால் பந்து இடஞ்சுழியாகச் சுழலும். அதன் இடப்பக்கப் பரப்பு, எதிர்ப்படும் காற்று ஓடும் திசையிலேயே நகர்வதால், அங்கே காற்று கூடுதல் நேரம் ஒட்டியிருந்து, பிரியும்போது வலப்புறம் திரும்புகிறது. பந்து காற்றை வலப்புறம் தள்ள, காற்று பந்தை இடப்புறம் தள்ளுகிறது. இதுவே மேக்னஸ் விளைவு. நொடிக்கு 8 சுற்று, 25 மீட்டர் வேகம் என்றால், ஒரே நொடியில் பந்து பக்கவாட்டில் சுமார் 3 மீட்டர் விலகும்.

தாமதத்துக்கான விடை இங்கேதான். காற்றுத்தடையால் வேகம் மளமளவெனக் குறைகிறது. சுழற்சியோ அவ்வளவாகக் குறைவதில்லை. பக்கவிசை வேகத்துக்கு ஏற்பக் குறைந்தாலும், பந்தைத் திருப்பத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே வேகம் குறையக் குறைய வளைவு இறுகும். அதற்கு இடம் கொடுத்தது அந்த 35 மீட்டர். 18 மீட்டரில் இந்த அளவுக்கு எடுபடாது.

சுழற்சியே இல்லாத பந்து இன்னும் சிக்கலானது. பந்தின் துண்டுகளை இணைக்கும் கோடுகள் இருக்கும் நிலையைப் பொறுத்து, காற்று ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் பின்னதாகவும் பிரிய, பந்து அங்குமிங்கும் ஆடும். 2010 உலகக் கோப்பையின் ஜபுலானி பந்தில் 8 துண்டுகள்தான், வழவழப்பு அதிகம். வேகமான ஷாட்டுகளிலேயே அது தடுமாறியது. 2014-இன் பிரசுக்காவில் 6 துண்டுகளே. ஆனால் கோடுகள் நீளமும் ஆழமும் கூடியவை, ஆட்டம் அடங்கியது.