நடு முதுகு ஜவ்வுக்கு நெஞ்சு வழியாக ஏன் போகிறார்கள்?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அப்பாவுக்கு நடு முதுகில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். விலா எலும்புகளுக்கு நடுவே துளை போட்டு, ஒரு பக்க நுரையீரலைச் சுருங்கவைத்து ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் டாக்டர். முதுகில் இருக்கிற கோளாறுக்கு நெஞ்சுக்குள் எதற்குப் போகவேண்டும்?"

நியாயமான கேள்வி. இதற்கான விடையை மருத்துவம் கற்றுக்கொள்வதற்குள் பல நோயாளிகள் தங்கள் கால்களை இழந்துவிட்டார்கள்.

முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வில் வெளியே நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் பின்பக்கம் பிதுங்குவது இடுப்பிலும் கழுத்திலும் சகஜம். மார்புப் பகுதியின் 12 முள்ளெலும்புகளை விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருப்பதால் அங்கே அசைவு குறைவு, தேய்மானமும் குறைவு. அங்கே ஜவ்வு பிதுங்கித் தொந்தரவு தருவது ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான்.

தொந்தரவே தராத பிதுக்கங்கள் ஏராளம். மேல் முதுகில் எந்த வலியும் இல்லாத 90 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வொன்று 1995-இல் வெளியானது. அவர்களில் 37 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. ஆகவே ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் கலங்க வேண்டாம். வலி மட்டும்தான் என்றால் பெரும்பாலும் மருந்தும் உடற்பயிற்சியும் போதும். கால்கள் விறைப்பது, நடை தள்ளாடுவது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது, இவை வந்தால்தான் அறுவை சிகிச்சை அவசரமாகிறது.

அறுவை என்று வந்தால் இடுப்புக்கும் மார்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம். தண்டுவடம் முதல் இடுப்பு முள்ளெலும்பை ஒட்டி முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே தனித்தனி நரம்புகள்தான் திரவத்தில் மிதக்கின்றன. அவற்றை மெல்ல ஒதுக்கிவிட்டு, பின்பக்கமாகவே போய் ஜவ்வை எடுத்துவிடலாம். மார்பில் இருப்பதோ தண்டுவடமே. அது ஓடும் எலும்புக் கால்வாயும் அங்கே குறுகல், ரத்த ஓட்டமும் மெலிவு. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் தருவதில் பெரும்பங்கு ஒரே தமனிக்கு. அதை 1882-இல் விவரித்த ஆடம்கீவிச் என்ற மருத்துவரின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் தண்டுவடத்தைச் சற்றே ஒதுக்கினாலும் கால்கள் செயலிழக்கலாம்.

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அதைத்தான் செய்தார்கள். முதுகின் பின்புற எலும்பைத் திறந்து, தண்டுவடத்தைத் தாண்டி முன்னாலிருக்கும் ஜவ்வை எட்டப் பார்த்தார்கள். நடந்து வந்த பலர் நடக்க முடியாமல் வீடு திரும்பினார்கள். 1960-இல் பிரிட்டனின் ஹியூம் என்ற அறுவை நிபுணர், பக்கவாட்டில் விலா எலும்பை ஒட்டிப் போகும் பாதையைப் பரிந்துரைத்தார். 1969-இல் இரண்டு குழுக்கள் மார்பையே திறந்து முன்பக்கமாக எட்டின. பலன் நன்றாக இருந்தது. ஆனால் விலா எலும்புகளை விரித்துப் பெரிதாகத் திறப்பதால் வந்த வலி மாதக்கணக்கில் நீடித்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அதே பாதையைக் கேமராவும் மூன்று நான்கு சிறு துளைகளுமாகச் சுருக்கினார்கள். வயிற்றுக்குள் கேமரா விடும்போது வாயு செலுத்தி இடம் உண்டாக்க வேண்டும். மார்பில் அது வேண்டியதில்லை. ஒரு நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தினால் அது தானாகச் சுருங்கி விலகும். விலாக்கூடு கூரை போல நிற்கும்.

உள்ளே போனதும் முதல் வேலை எண்ணுவது. மார்பு முள்ளெலும்புகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் தவறான மட்டத்தில் அறுக்கும் அபாயம் இங்கே அதிகம். 8-ஆவது விலா எலும்பின் தலை சரியாக 7, 8-ஆம் முள்ளெலும்புகளுக்கு இடையிலான ஜவ்வின் மேல் உட்கார்ந்திருக்கும் என்பது நல்ல அடையாளம். ஆனால் சிலருக்கு 11 ஜோடி விலா எலும்புகள், சிலருக்கு 13. அதனால் பல இடங்களில் முந்தின நாளே சி.டி. ஸ்கேன் பார்த்து அந்த எலும்பில் ஓர் உலோக அடையாளத்தைப் பதித்துவிடுகிறார்கள்.

இனி வருவதுதான் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. விலா எலும்பின் தலையையும், முள்ளெலும்பின் காம்பு போன்ற பகுதியையும் வைர முனைத் துரப்பணத்தால் சீவி எடுத்ததும் தண்டுவடத்தின் உறை தெரியத் தொடங்கும். பிதுங்கிய ஜவ்வும் அங்கேயே, உறையை அழுத்திக்கொண்டு, கண்ணுக்கு எதிரே இருக்கும். அதை அப்போது தொடமாட்டார்கள். அதற்கு முன்னால், தண்டுவடத்தை விட்டுத் தள்ளி, ஜவ்வுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு முள்ளெலும்புகளின் உடலைக் குடைந்து ஒரு குழி பறிப்பார்கள். நோயில்லாத நல்ல எலும்பைத்தான் குடைகிறார்கள். குழி தயாரானதும், தண்டுவடத்துக்கும் பிதுக்கத்துக்கும் நடுவே நுண்ணிய கொக்கியை நுழைத்து, பிதுக்கத்தை முன்னோக்கி அந்தக் குழிக்குள் இழுத்துச் சாய்ப்பார்கள். வயலில் கிடக்கும் தூக்க முடியாத பாறையை, பக்கத்தில் குழி பறித்து உள்ளே புரட்டிவிடுகிற அதே உத்தி. இதில் கருவியின் ஒவ்வொரு அசைவும், ஒவ்வொரு விசையும் தண்டுவடத்தை விட்டு விலகும் திசையில்தான். நகர்த்தக் கூடாத தண்டுவடத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் எதிரிக்கு மட்டும் போக்கிடம் உண்டாக்குகிறார்கள். அறுவை சிகிச்சையில் எனக்கு மிகப் பிடித்த யோசனைகளில் இது ஒன்று. பின்பக்கமாகப் போனவர்களின் கையிலும் திறமை இருந்தது. திசைதான் தவறாக இருந்தது.

எல்லாருக்கும் நெஞ்சு வழி தேவையில்லை. பிதுக்கம் மென்மையாகவும் ஓரமாகவும் இருந்தால், முதுகின் பக்கவாட்டிலிருந்தே எண்டோஸ்கோப் விட்டு எடுத்துவிடலாம். நட்டநடுவில், சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்ட பிதுக்கத்துக்குத்தான் நெஞ்சு வழி. மார்பு ஜவ்வில் இப்படிக் கல்லாவது அடிக்கடி நடக்கிறது. அப்படி ஆனது உறையோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது உறை கிழிந்தால் உள்ளிருக்கும் திரவம் மார்புக்குள் கசியும். மார்புக்குள் அழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சும் அதை உறிஞ்சும். அதனால் கிழிசலை அடைப்பதோடு, இடுப்பில் குழாய் வைத்துத் திரவ அழுத்தத்தையும் சில நாள் குறைத்து வைப்பார்கள்.

இந்த நோய் அரிது என்பதால், ஒரு முறையை இன்னொரு முறையோடு நேருக்குநேர் ஒப்பிடும் பெரிய ஆய்வுகளுக்கு ஆள் சேர்ப்பது கடினம். லாபம் பார்க்கிற நிறுவனங்களுக்கும் இதில் அக்கறை வராது. இங்கே அரசுப் பணம்தான் வரவேண்டும், நாடு முழுவதும் பொதுவான நோயாளிப் பதிவேட்டுக்கும், அரசு மருத்துவமனைகளில் நரம்புக் கண்காணிப்புக் கருவிகளுக்கும். மண்டையோட்டின் மேல் சிறு மின்துடிப்பு கொடுத்தால் கால் தசை துள்ளுகிறதா என்று ஆபரேஷன் முழுக்கப் பார்த்துக்கொண்டேயிருப்பது அந்தக் கருவி. துள்ளல் குறைந்தால் உடனே கையை நிறுத்தி, ரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். என் கருத்தில் அது வசதிப்பட்டால் வாங்கும் பொருளல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். நெஞ்சைச் சுற்றி வார் கட்டியது போன்ற வலி இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. நம் ஊரில் அதை வாயுப் பிடிப்பு என்று சொல்லி, சுளுக்கு எடுக்கிறவரிடம் முதுகை மிதிக்கக் கொடுக்கிறோம். அந்த வலியோடு கால் விறைப்பும் சேர்ந்திருந்தால் தண்டுவடம் ஏற்கெனவே நசுங்கிக்கொண்டிருக்கலாம். அந்த முதுகை யாரும் மிதிக்கக் கூடாது. அன்றைக்கே நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.