ஆலை இருந்த கரையில் வீடு வாங்கும் முன்

ஆற்றங்கரையிலோ கடலோரத்திலோ மூடிக் கிடந்த ஆலையின் நிலம் கைமாறினால், கொஞ்ச நாளில் அங்கே விளம்பரப் பலகை எழும்பிவிடுகிறது. மேலே அடுக்குமாடி வீடுகள், கீழே கடைகள், பக்கத்தில் அலுவலகங்கள், எதிரே தண்ணீர். வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் காகிதங்களில் பெரும்பாலும் ஒரு மண் பரிசோதனை அறிக்கையும் இருக்கும். புரட்டிப் பார்த்தால், மண் எவ்வளவு பாரம் தாங்கும், அடித்தளத்துக்கு இறக்கும் பைல் தூண் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதுதான் இருக்கும். அந்த மண்ணில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கட்டடம் நிற்குமா என்று தெரிந்துகொள்ள அந்த அறிக்கை போதும். அதன் முற்றத்தில் குழந்தைகள் விளையாடலாமா என்று அது சொல்லாது.

நிலத்தின் மாசைப் பரிசோதிப்பது என் வேலை. இந்த விஷயத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஹாஃபன்சிட்டியைத்தான் நான் உதாரணம் காட்டுவேன். கன்டெய்னர் கப்பல்கள் வந்தபின் எல்ப ஆற்றங்கரையின் பழைய துறைமுகப் பகுதிக்கு வேலை குறைந்துபோனது. அந்த 157 ஹெக்டேரை ஹாஃபன்சிட்டி என்ற ஊராக மாற்றும் திட்டத்தை 1997-இல் அன்றைய மேயர் ஹென்னிங் ஃபோஷராவ் அறிவித்தார். ஆனால் அதற்கு முன்பே, நிலத்தைச் சத்தமில்லாமல் தன் வசம் கொண்டுவரும் வேலையை நகர நிர்வாகம் தொடங்கியிருந்தது. அறிவித்த பிறகு வாங்கப் போயிருந்தால் விலை எகிறியிருக்கும். மனைகளை விற்று வந்த பணம் சாலைக்கும் பாலத்துக்கும் கரைச்சுவருக்கும் பூங்காவுக்கும் போனது. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும் சாத்தியமாக்கியது இந்த ஒரு முடிவுதான்.

மனை வாங்க வருபவருக்கும் உடனே பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. முதலில் அவருக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். அந்த இடைவெளியில் அவர் கட்டட வடிவமைப்புக்குப் போட்டி நடத்தி, வரைபடம் போட்டு, கட்டட அனுமதிக்கான வேலைகளை முடிக்க வேண்டும். விலை ஏறட்டும் என்று வளைத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

சரி, மண்ணுக்கு வருவோம். அங்கே கிராஸ்ப்ரோக் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய எரிவாயு ஆலை ஒன்று இருந்தது. நிலக்கரியைச் சுட்டு எரிவாயு எடுத்த இடங்களின் மண் எங்கே போனாலும் ஒரே மாதிரிதான். துளையிட்டால் முதலில் செங்கல் துண்டும் சாம்பலும் கலந்த நிரப்பு மண் வரும். இன்னும் கீழே போனால் தார் பிசுபிசுக்கும், அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறும். அந்த வாசம் நாப்தலீனுடையது. சில இடங்களில் மண் பளிச்சென்று நீலமாக இருக்கும். வாயுவைச் சுத்திகரிக்கப் போட்ட இரும்பு ஆக்சைடு, சயனைடைப் பிடித்துக்கொண்டு அப்படி நிறம் மாறும். கண்ணுக்குத் தெரிகிற இவை பரவாயில்லை, தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் அதே தாரில் இருக்கும் பென்சீன் என்ற ரசாயனம் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகித் தரையின் விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும். நெடுநாள் சுவாசித்தால் ரத்தப் புற்றுநோய் வரை போகும். அப்புறம், கரையோரத்தில் நிலத்தடி நீர், ஓதம் எனப்படும் கடல் நீரின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மாசும் கூடவே நகரும். அதனால்தான் ஒரே ஒரு நாள் எடுத்த நீர் மாதிரியை நான் நம்புவதில்லை. நம் பக்கம் எரிவாயு ஆலைக்குப் பதில் தோல் ஆலை, ரசாயன ஆலை. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு எத்தனை காலம் அப்படியே கிடந்தது என்பது அந்த வட்டாரத்துக்காரர்களுக்குத் தெரியும்.

அடுத்தது வெள்ளம். ஹாம்பர்க்கில் 1962 புயல் வெள்ளத்தில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாஃபன்சிட்டியோ பிரதான வெள்ளத் தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் சுவர் எழுப்பாமல், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்துக்கு மண்மேடு போட்டு அதன்மேல் கட்டடங்களைக் கட்டினார்கள். நீரோர நடைபாதைகளைத் தாழ்வாகவே விட்டார்கள். 2013 டிசம்பர் புயலில் தண்ணீர் 6 மீட்டரைத் தாண்டியபோது முங்கியது தாழ்வான கரைப் பகுதிதான். தண்ணீருக்கு அதன் இடத்தை விட்டுக்கொடுத்த இந்தத் திட்டத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

குறையும் இல்லாமல் இல்லை. முதலில் எழுந்த வீடுகள் வசதியானவர்களுக்கே எட்டின. அந்த விமர்சனத்துக்குப் பிறகுதான், புதிய வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு அரசு மானிய வாடகை வீடாக இருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

இப்படி ஒரு நிலத்தில் நீங்கள் வீடு பார்க்கிறீர்கள் என்றால், முன்பு அங்கே என்ன ஆலை, எத்தனை ஆண்டுகள் ஓடியது என்று முதலில் விசாரியுங்கள். மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் ரசாயனப் பரிசோதனை அறிக்கை கேளுங்கள், மழைக்காலத்திலும் கோடையிலும் எடுத்ததாக இருக்கட்டும். பதிவான மிக உயர்ந்த வெள்ள மட்டத்துக்கு மேல் உங்கள் தரைத்தளம் எவ்வளவு உயரம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘சுத்தம் செய்துவிட்டோம்’ என்று பில்டர் சொன்னால், தோண்டிய மண் எங்கே போனது என்பதற்கு ஆவணம் கேளுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். லாரியில் ஏறிய அந்த மண் ஏதோ ஓர் ஏரிக்கரையில் கொட்டப்பட்டிருந்தால், அங்கே கைபம்பில் குடிநீர் பிடிக்கும் குடும்பங்களுக்கு யாரும் எந்த அறிக்கையும் காட்டப் போவதில்லை.