மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் வாசலில் நிறுத்திப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் நிற்கும் டோர் பிரேம் மெட்டல் டிடெக்டர் நான் பொருத்திக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்து சர்வீசுக்குப் போனபோது, ஸ்பீக்கர் துளைகளின் மேல் மருந்துக்கடை பிளாஸ்திரி இரண்டு மடிப்பாக ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. ஒட்டி ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும். மேலே சின்னத் திரையில் சென்சிட்டிவிட்டி எண்ணை, அதாவது கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கும் என்ற அளவைப் பார்த்தேன். நான் வைத்துவிட்டுப் போனதில் பாதிகூட இல்லை.

"கத்திக்கிட்டே இருக்குதுங்கண்ணா. ஆளே இல்லாதப்பவும் கத்துது. பொண்ணு வீட்டுக்காரங்க சத்தம் போட்டாங்க, அதான் முதலாளி குறைச்சு வைக்கச் சொன்னாருங்க" என்றார் வாசலில் நின்ற செக்யூரிட்டி.

சமையல்கட்டில் ஒரு காய் நறுக்கும் கத்தி வாங்கி, துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. திரும்பவும் நடந்தேன். இல்லை. அந்த ஆறு மாதத்தில் எத்தனை முகூர்த்தம் அங்கே நடந்திருக்கும்! அத்தனை ஆயிரம் பேரும் அந்தச் சட்டத்தின் வழியாகப் போய், இங்கே சோதனை இருக்கிறது என்று நம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். அதை நினைத்தபோது எனக்கு நிஜமாகவே கை நடுங்கியது.

தப்பு செக்யூரிட்டி மேல் இல்லை, கருவி மேலும் இல்லை. என் மேல். வாசலில் இரும்பு ரோலிங் ஷட்டர் இருந்தது. அதன் தண்டவாளத்திலிருந்து ஒரு அடி தள்ளி நான் கருவியை நிறுத்தியிருந்தேன். பொருத்திய நாளில் காற்றில்லை. எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்தில் பிறந்த எனக்குத் தெரியாமலா? ஷட்டர் தடதடவென்று ஆடியிருக்கிறது. தரையில் போல்ட் போடாமல் நிறுத்திய சட்டமும் கூடவே ஆடியிருக்கிறது. கருவி கத்தியிருக்கிறது.

அது ஏன் கத்துகிறது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது, எங்கே நிறுத்துவது என்பது பாதி விளங்கிவிடும். இரண்டு பக்கப் பலகைக்குள்ளும் செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. அவை நடுவில் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. உலோகம் உள்ளே வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பும். அந்த மின்னோட்டம் தனக்கென்று ஒரு சின்ன காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்பும். வாங்கும் சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். அசையாமல் இருக்கும் உலோகத்தைக் கருவி ஓரளவு கணக்கில் எடுத்துக் கழித்துவிடும். அசையும் உலோகத்தைக் கழிக்கத் தெரியாது. ஆடும் ஷட்டரும் நடந்து வரும் மனிதரின் இடுப்புக் கத்தியும் அதற்கு ஒன்றுதான்.

இந்தச் சிக்கல் கருவி பிறந்த காலத்திலேயே இருந்தது. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, தொலைபேசிக்குப் பெயர்போன கிரகாம் பெல் மின்காந்தத் தூண்டலில் இயங்கும் ஒரு கருவியோடு வந்தார். தேடிய இடத்திலெல்லாம் சத்தம் கேட்டது. கட்டில் மெத்தைக்குள் எஃகுக் கம்பிகள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. நூற்று நாற்பது வருஷம் கழித்து நான் செய்ததும் அதே தப்பு.

ஆகவே மண்டபக்காரர், கோயில் கமிட்டிக்காரர், ஆடிட்டோரியம் நடத்துபவர் யார் என்னிடம் கேட்டாலும் முதலில் ஒன்றுதான் சொல்கிறேன். ஷோரூமில் டெமோ பார்த்து வாங்காதீர்கள். கொட்டேஷன் கொடுப்பவரிடம், "கருவியைக் கொண்டு வந்து என் வாசலில் இரண்டு நாள் நிறுத்துங்கள்" என்று கேளுங்கள். விற்பவருக்குத் தன் கருவி மேல் நம்பிக்கை இருந்தால் சம்மதிப்பார். அந்த இரண்டு நாளில் ஜெனரேட்டரை ஓடவிடுங்கள். லிஃப்ட் இருந்தால் ஏற்றி இறக்குங்கள். வாசல் கேட்டைத் திறந்து மூடுங்கள். தரைக்கடியில் கான்கிரீட் கம்பி நெருக்கமாக இருந்தாலோ, சாக்கடை மேல் இரும்புக் கிராதி இருந்தாலோ கால் பக்கத்துக் கணக்கு கெட்டுப்போகும். அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

சோதனைக்கு எந்தப் பொருள் என்பது முக்கியம். விற்பவர் கையோடு கொண்டுவரும் இரும்புத் துண்டை வைத்துச் சோதிக்க வேண்டாம். இரும்பு, பித்தளை, அலுமினியம் எல்லாவற்றையும் எந்தக் கருவியும் எளிதாகப் பிடிக்கும். கஷ்டமான பொருள் நம் வீட்டு எவர்சில்வர். நல்ல ரக எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, மின்சாரத்தையும் அது நன்றாகக் கடத்தாது. அதனால் அது திருப்பி அனுப்பும் புலம் மெலிந்திருக்கும். காந்தம் ஒட்டாத ஒரு சின்ன எவர்சில்வர் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்காலில், இடுப்பில், அக்குளில், தலைப்பாகைக்குள் என்று நான்கு இடத்தில் வைத்து நடங்கள். பலகையை ஒட்டி நடக்காமல் நட்டநடுவே நடங்கள். மலிவான கருவிகள் கோட்டை விடுவது அங்கேதான். கத்தியை நிமிர்த்தி ஒரு தடவை, படுக்க வைத்து ஒரு தடவை. வைத்திருக்கும் திசையைப் பொறுத்தே ஒரே கத்தி ஒரு தடவை மாட்டும், ஒரு தடவை தப்பும். பத்து நடையில் ஒன்பதில் பிடித்தால் போதுமா என்று கேட்பார்கள். எனக்குப் போதாது. பத்துக்குப் பத்து பிடிக்கும் அளவுக்கு சென்சிட்டிவிட்டியை ஏற்றுங்கள். அந்த அளவில் வைத்துக்கொண்டே சாவிக் கொத்தும் தாலிக்கொடியும் போட்டவர்களை நடக்கவிட்டு எத்தனை பேருக்குக் கத்துகிறது என்று எண்ணுங்கள். கருவியின் தரம் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

சோன் கணக்கை நம்பி ஏமாற வேண்டாம். ஆறு, பதினெட்டு, முப்பத்து மூன்று என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். உடம்பில் எந்த உயரத்தில், எந்தப் பக்கம் உலோகம் இருக்கிறது என்று விளக்கு காட்டுவதுதான் சோன். உள்ளே சுருள்கள் கொஞ்சமாகவே இருக்க, மென்பொருளால் கூறுபோட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் கருவிகளும் சந்தையில் உண்டு. வலது காலில் கட்டினால் வலது கால் விளக்கு எரிகிறதா? இரண்டு இடத்தில் கட்டினால் இரண்டு விளக்கும் எரிகிறதா? இதைப் பார்த்தால் போதும்.

அடுத்தது கூட்டம். நிமிடத்துக்கு அறுபது பேர் போகலாம் என்று அட்டையில் எழுதியிருக்கும். கருவிக்கு அது முடியும், மனிதருக்கு முடியாது. போனை எடுத்துத் தட்டில் வைத்து, நடந்து, சத்தம் வந்தால் கைக்கருவியால் தடவி, போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு நகர்வதற்குள் என் கணக்கில் ஒரு வாசலுக்கு நிமிடத்துக்குப் பத்து, பன்னிரண்டு பேர்தான். முகூர்த்த நேரத்தில் ஒரு மணிக்குள் இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்றால் நிமிடத்துக்கு முப்பத்து மூன்று பேர். குறைந்தது மூன்று வாசல் வேண்டும், நான்கு இருந்தால் நல்லது. ஒரே ஒரு கருவி வாங்கி வைத்தால் என்ன ஆகும்? வரிசை ரோடு வரை நீளும். "விட்டுடுப்பா, முகூர்த்தம் போகுது" என்று யாராவது சொல்வார்கள், செக்யூரிட்டி ஒதுங்கி நிற்பார்.

கோயில் என்றால் இதைவிடப் பயமுண்டு. 2011 ஜனவரி 14, மகரஜோதி பார்த்துவிட்டுத் திரும்பும்போது சபரிமலைப் பக்கம் புல்லுமேட்டில் நடந்த நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நம் தமிழ்நாட்டு சாமிகளும் அதில் உண்டு. கூட்டம் போகும் வழியில் எதை வைத்தாலும், அது ஒரு அடைப்பு என்று அந்த நாளை நினைத்துக்கொண்டே நான் இடம் பார்க்கிறேன். உள்ளே வரும் வழியில் கருவி நிற்கட்டும். வெளியே போகும் வழி தனியாக, அகலமாக, பூட்டில்லாமல் இருக்க வேண்டும். ஒரே ஒரு வழிதான் என்றால் அந்த இடத்தில் நான் கருவி பொருத்துவதில்லை. இரண்டு வேலை அப்படிக் கை நழுவிப் போயிருக்கிறது. வருத்தமில்லை.

பக்கத்துப் பக்கத்தில் கருவிகளை நிறுத்தும்போது ஒன்றின் புலம் இன்னொன்றைக் குழப்பும். வேறு வேறு அலைவரிசையில் வைக்கவோ ஒன்றோடொன்று இசைத்து வைக்கவோ வசதி இருக்க வேண்டும். டெமோவுக்கு ஒன்றைக் கொண்டுவந்தால் போதாது, இரண்டாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். போன் வைக்கும் மேசை மரத்தில் அல்லது பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். இரும்பு மடக்கு நாற்காலியைக் கருவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காரும் பழக்கத்தால் நான் எத்தனை சர்வீஸ் காலுக்கு ஓடியிருக்கிறேன்!

நம் ஊர் மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முடியாது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. தென்னை ஏறி இறங்கிய கையோடு, இடுப்பில் பாளை சீவும் கத்தியோடு பொதுக்கூட்டத்துக்கு வருபவர் இருப்பார். கருவி கத்தும். உடனே நாலு பேர் சூழ்ந்துகொண்டு அவரைக் குற்றவாளி மாதிரி பார்த்தால் அது அநியாயம். அது அவர் பிழைப்பு. வாசலில் ஒரு பெட்டி, எண் போட்ட டோக்கன், "அண்ணா, கத்தியை இங்க கொடுத்துட்டுப் போங்க, திரும்பும்போது வாங்கிக்கங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. பகவதி கோயிலில் 'வேலை' என்கிற திருவிழாவுக்கு வரும் வெளிச்சப்பாடு, அதாவது அருள் வந்து ஆடும் சாமியாடி, கையில் வாளோடுதான் வருவார், காலில் சிலம்பும் இருக்கும். இலத்தாளம் என்கிற பெரிய ஜால்ரா தட்டுபவர்கள் கையில் வெண்கலம், யானையின் காலில் இரும்புச் சங்கிலி. இவர்களுக்கெல்லாம் எந்த வழி, எத்தனை மணிக்கு என்று கமிட்டியும் போலீசும் முன்னாலேயே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். யானை போகும் பாதைக்குப் பக்கத்தில் கருவியை நிறுத்தினால் அன்று முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும்.

பெண்களுக்கு நகை, கொலுசு, மெட்டி. தங்கமும் வெள்ளியும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துபவை, அதனால் கருவி அவற்றை உடனே பிடிக்கும். பெண் செக்யூரிட்டியும் மறைப்புத் தட்டியும் இல்லாமல் பெண்கள் வரிசையைத் தொடங்கவே கூடாது. கல்பாத்தியில் ஒரு பாட்டி, "இது எக்ஸ்ரேயாடா? என் பேத்தி முழுகாம இருக்கா" என்று என்னை நிறுத்திக் கேட்டார். இல்லை பாட்டி. இதில் எக்ஸ்ரே கிடையாது, காந்தப் புலம் மட்டும்தான். ஒரே ஒரு விஷயம் உண்டு. நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சாதாரணமாக நடந்து கடந்துவிடலாம், உள்ளே நிற்பதோ பலகையில் சாய்வதோ கூடாது. அட்டையைக் காட்டினால் கையால் சோதித்து அனுப்பலாம். கைக்கருவியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. இதைச் செக்யூரிட்டிக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகுமா?

மழை, கரண்ட் பற்றிச் சுருக்கமாக: வெட்டவெளியில் நிறுத்துவதானால் தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே போகாத ஐபி 65 தரம் கேளுங்கள், மேலே ஓலையோ தகரமோ போட்டால் தகரம் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் சில மணி நேரமாவது ஓட பேட்டரி உள்ளேயே இருக்க வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும்.

இந்தக் கருவியால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். உலோகம் இல்லாத வெடிமருந்தைப் பிடிக்காது. பீங்கான் கத்தியைப் பிடிக்காது. கையில் தூக்கி வரும் பைக்குத் தனி சோதனை வேண்டும். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கார் வெடித்தது. அதை எந்த வாசல் சட்டமும் தடுத்திருக்காது. 2023 அக்டோபர் 29 அன்று கொச்சிப் பக்கம் களமசேரியில் ஜெபக்கூட்டம் நடந்த அரங்கத்துக்குள்ளேயே குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு மண்டபக்காரர்கள் அவசரமாகப் போன் செய்தபோது நான் சொன்னது இது: கூட்டம் வருவதற்கு முன்னால் நாற்காலிக்கு அடியில், மேடைக்குக் கீழே, குப்பைத் தொட்டியில் பார்க்க ஆள் போடுங்கள். வாசல் கருவி அதற்கப்புறம்தான். 1998 பிப்ரவரி 14இல் கோவையில் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். வாளையாறு எல்லை தாண்டிய எங்கள் வீட்டிலும் அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. இந்தத் தொழிலுக்கு நான் வந்ததில் அந்த ராத்திரிக்கும் பங்குண்டு.

கொழிஞ்சாம்பாறை மண்டபத்தில் கருவியை ஷட்டரிலிருந்து தள்ளி உள்ளே நகர்த்தி, தரையில் போல்ட் போட்டு, பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்தேன். கட்டணம் வாங்கவில்லை. மேனேஜர் மேசை இழுப்பறையில் ஒரு எவர்சில்வர் கத்தியும் ஒரு நோட்டும் வைத்துவிட்டு வந்தேன். விசேஷம் உள்ள நாளெல்லாம் காலையில் அந்தக் கத்தியைக் கட்டிக்கொண்டு நான்கு நடை, நோட்டில் நான்கு டிக், கையெழுத்து. சென்சிட்டிவிட்டி மாற்றும் பாஸ்வேர்டு மேனேஜரிடம் மட்டும்.

போன மாதம் அங்கே வேலை செய்யும் பெண் செக்யூரிட்டி காலை ஏழு மணிக்குப் போன் செய்தார். "அண்ணா, இடது கால்ல கட்டுனா மட்டும் எரியலைங்க. மூணு தடவ நடந்து பாத்துட்டேன்." போய்ப் பலகையைத் திறந்தால், அடிப்பக்கத்து வயரை எலி கடித்திருந்தது. சாயங்காலம் நிச்சயதார்த்தம். மூன்று மணிக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டேன்.