செருகுநிரல்: பொருளும் பிறப்பும்

பிளகின் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் செருகுநிரல். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளோடு வெளியிலிருந்து சேர்ந்து, அதற்கு இல்லாத ஒரு திறனைத் தரும் சிறு நிரல் (புரோகிராம்) என்பது பொருள். இது தனித்து இயங்காது, தாய் மென்பொருள் வேண்டும். தாய் மென்பொருளோ இது இல்லாமலும் இயங்கும். இந்த இரண்டாவது பாதிதான் சொல்லின் உயிர்.

விவிலிய வசனம் காட்டும் செருகுநிரலை எடுத்துக்கொள்வோம். வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் கட்டுரை எழுதுபவர் ‘யோவான் 3:16’ என்று மட்டும் எழுதுகிறார். படிப்பவர் அதன்மேல் சுட்டியை வைத்ததும் முழு வசனமும் ஒரு சிறு பெட்டியில் விரிகிறது. பக்கத்தின் ஓரத்தில் நாளுக்கொரு வசனம் காட்டும் வகையும் உண்டு. வேர்ட்பிரஸோடு சேர்ந்தே வரும் ‘ஹலோ டாலி’ என்ற செருகுநிரல் நிர்வாகத் திரையின் மேல்மூலையில் ஒரு பாட்டின் ஏதோ ஒரு வரியைக் காட்டுவதோடு சரி. பாட்டு வரி இருக்கும் இடத்தில் வசனத்தை வைத்தால் எளிய வசனச் செருகுநிரல் ஒன்று கிடைத்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆங்கிலத்து ‘பிளக்’ டச்சு மொழியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்த சொல். பீப்பாயின் துளையை அடைக்கும் அடைப்பான் என்பது அதன் முதற்பொருள். மின்சாரம் வந்தபின் சுவரில் உள்ள துளையில் செருகும் கருவிக்கு அந்தப் பெயர் வந்தது. 1980களின் பிற்பகுதியில் மேக்கின்டாஷ் கணினிகளின் பட மென்பொருள்கள் அதை எடுத்துக்கொண்டன. பிறகு போட்டோஷாப்பும் நெட்ஸ்கேப் உலாவியும் உலகறியச் செய்தன.

தமிழ்ச் சொல்லுக்கு அந்த ‘அடைக்கும்’ பழங்கதை இல்லை. செருகு என்றால் இடையே நுழைத்து நிற்கவைப்பது. கூந்தலில் பூவைச் செருகுகிறோம், உறையில் வாளைச் செருகுகிறோம். செருகியதை உருவி எடுக்கலாம், எடுத்தபின் இரண்டும் பழையபடியே இருக்கும். ஒட்டுவதிலும் தைப்பதிலும் அது நடக்காது. பிளகினுக்கு இதைவிடப் பொருத்தமான வினை கிடைப்பது அரிது.

நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறையைப் பொருள்கோள் என்பார்கள். தொல்காப்பியம் சொல்லும் பொருள்கோள் நான்கில் ஒன்று நிரல்நிறை: சில சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்கு உரியவற்றை இன்னொரு வரிசையிலும் நிறுத்தி, முறை பிறழாமல் பொருத்திப் பொருள் கொள்வது. கட்டளைகளை வரிசையாக நிறுத்தி வைப்பதற்கு நிரல் என்ற சொல்லை எடுத்தாண்டவர்களின் நுட்பம் பாராட்டுக்கு உரியது. இரண்டும் சேர்ந்த செருகுநிரல் ஒரு வினைத்தொகை. செருகிய நிரல், செருகுகின்ற நிரல், செருகும் நிரல் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

சொருகி என்றும் சிலர் எழுதுகிறார்கள். பேச்சுக்கு எளிது, ஆனால் மின்கம்பியின் முனையில் இருக்கும் பொருளும் அதே பெயர் பெறுகிறது. நீட்சி என்பதை உலாவிகளின் எக்ஸ்டென்ஷனுக்கு விட்டுவிடலாம்.

இங்கே இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: இடைச்செருகல். பழைய நூலொன்றில் மூல ஆசிரியர் எழுதாத வரிகளைப் பிற்காலத்தார் நுழைத்துவிட்டால் அதற்கு இந்தப் பெயர். அதே வினைதான், ஆனால் இங்கே குற்றம். செருகியது எது, மூலம் எது என்று பிரித்தறிய முடியாமல் போவதே குற்றத்துக்குக் காரணம். வேர்ட்பிரஸ் 2003இல் வெளிவந்தபோது செருகுநிரல் வசதி இல்லை. கூடுதல் வசதி வேண்டியவர்கள் மூலக் கோப்புகளையே திருத்தினார்கள், புதிய பதிப்பை நிறுவியதும் திருத்தங்கள் அழிந்துபோயின. அது இடைச்செருகல். 2004இல் வந்த 1.2 பதிப்பு, மூலக் கோப்பைத் தொடாமல் நிரலை மாட்டிவிடக் கொக்கிகளைத் தந்தது. அதன்பிறகே செருகுநிரல் என்ற சொல்லுக்கு அங்கே வேலை வந்தது.

வசனத்துக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். நல்ல வசனச் செருகுநிரல், கட்டுரை தரவுத்தளத்திலிருந்து திரைக்குப் போகும் வழியில் மட்டும் குறுக்கிட்டு ‘யோவான் 3:16’ஐ இணைப்பாக மாற்றும். சேமித்து வைத்த கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறாது. முடக்கினால் எழுதியவர் எழுதியபடியே நிற்கும். சதுர அடைப்புக்குறிக்குள் குறுங்குறியீடு (ஷார்ட்கோட்) எழுதச் சொல்லும் செருகுநிரலை நீக்கிவிட்டால், அந்த அடைப்புக்குறிகள் கட்டுரை முழுக்க அநாதையாகக் கிடக்கும். முதல் வகையையே நான் பரிந்துரைப்பேன்.

விவிலியத்துக்குள்ளும் இடைச்செருகல் உண்டு. 1 யோவான் 5:7இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவரைக் குறிக்கும் பகுதி பிற்காலச் சேர்க்கை என்பது அறிஞர்களின் பரவலான முடிவு. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516இல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பதிப்பில் அது இல்லை, 1522இன் மூன்றாம் பதிப்பில் வந்துவிட்டது. பழைய மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது, புதியவை பலவற்றில் இல்லை. ஆகவே எந்த மொழிபெயர்ப்பு என்பதைச் செருகுநிரல் பெட்டியிலேயே காட்டியாக வேண்டும்.

வசனம் என்ற சொல்லும் சுவையானது. ஆங்கிலத்தில் செய்யுளைக் குறிக்கும் சொல்லையே விவிலியத்தின் எண்ணிட்ட பகுதிகளுக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழில் வசனம் என்றால் உரைநடை, நேர் எதிர். புதிய ஏற்பாட்டுக்கு இன்று வழங்கும் வசன எண்களை இட்டவர் ரொபேர் எஸ்தியேன் என்ற அச்சாளர், 1551இல். அந்த எண்கள் மட்டும் இல்லாவிட்டால் இத்தகைய செருகுநிரலே சாத்தியமில்லை.

தமிழில் இதை உருவாக்குவோர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் நூற்பெயர்கள். ஆதியாகமமும் தொடக்கநூலும் ஒன்றே, சங்கீதமும் திருப்பாடல்களும் ஒன்றே. வேதாகமம் என்போரின் வழக்கையும் விவிலியம் என்போரின் வழக்கையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அடுத்தது ‘1 யோவான்’. முன்னால் உள்ள எண்ணைக் கவனிக்காத நிரல், 1 யோவான் 4:8ஐ யோவான் 4:8 என்று எடுத்துக்கொள்ளும். கடவுள் அன்பாயிருக்கிறார் என்ற வசனத்தைத் தேடியவருக்கு, சீடர்கள் உணவு வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள் என்று பெட்டி விரியும்.

மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. ‘யோ’ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை, கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, நிரலுக்கு இரண்டும் வேறு. ஒரு வடிவத்தை மட்டும் தேடும் நிரல் மற்றதைக் கண்டும் காணாமல் போய்விடும். தேடும் முன் யுனிகோடின் இயல்பாக்க முறையால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

செருகுநிரலோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் அப்டேட். அதற்குத் தமிழில் இற்றைப்படுத்தல். இற்றை என்றால் இன்றைய. ‘இற்றைத் திங்கள்’ என்று பாரி மகளிர் புறநானூற்றில் பாடிய அதே சொல். புதுப்பித்தல் என்றும் சொல்லலாம், ஆனால் பழுதடைந்ததைச் சீர்செய்தல் என்ற சாயல் அதில் உண்டு. செருகுநிரல் பழுதாகாமலேயே பழசாகிவிடும், அடியில் உள்ளது மாறிக்கொண்டே இருப்பதால். ஓரத்தில் வசனம் காட்டும் பழைய செருகுநிரல்கள் பலவும் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் ‘கிரியேட் ஃபங்ஷன்’ என்ற கட்டளையால் தம்மைப் பதிவுசெய்துகொண்டன. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8 அந்தக் கட்டளையை நீக்கிவிட்டது. இற்றைப்படுத்தாத செருகுநிரல் உள்ள தளம் அந்தப் பிஎச்பிக்கு மாறியதும் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். வசனங்களில் எந்தக் குறையும் இராது.

வெர்ஷனைப் பதிப்பு என்கிறோம். இந்த ஒரு செருகுநிரலில் மட்டும் அது இடறும், விவிலியத்துக்கும் பதிப்புகள் உண்டல்லவா? அமைப்புப் பக்கத்தில் நிரலுக்குப் ‘பதிப்பு’ என்றும் விவிலியத்துக்கு ‘மொழிபெயர்ப்பு’ என்றும் பிரித்து எழுதிவிட்டால் பயனர் தடுமாற மாட்டார்.