குடிநோய்க்கு ஒரு மாத உள்சிகிச்சை: வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியவை

"ஒரு மாசம் உள்ளே வச்சுட்டா குடியை விட்டுடுவாரா?" சேர்க்கைக்கு வரும் வீட்டார் முதலில் கேட்பது இதைத்தான். மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடாமல் இருந்துவிட்டு, மலையிறங்கிய அன்றே கடைக்குப் போனவர்களை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடிக்காமல் நாள் கடத்துவது வேறு, குடியில்லாமல் வாழப் பழகுவது வேறு. உள்சிகிச்சையின் முப்பது நாளும் இரண்டாவதற்கான தயாரிப்பு. வெளியே வந்த பிறகுதான் அதற்குப் பரீட்சை.

முதல் வாரம் முழுக்க மருத்துவம். தினமும் குடித்துப் பழகியவருக்கு மது திடீரென நின்றால், ஆறு மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொரு ஆபத்து உண்டு. இல்லாத ஆள் தெரிவார், சுவரில் பூச்சி ஊரும், தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. இதைப் பேய் பிடித்ததாக நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகள் இன்னும் உண்டு. இது டெலிரியம் ட்ரெமன்ஸ். கவனிக்காவிட்டால் உயிரே போகும். அதனால் கடும் குடிநோயாளியை வீட்டு அறையில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயலாதீர்கள். மையத்தில் குளோர்டயஸெபாக்ஸைடு அல்லது டயஸெபாம் கொடுத்து, அளவை ஐந்து முதல் ஏழு நாளில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரஸெபாம்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, "சோர்ந்து கிடக்கிறார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று தெருமுனை கிளினிக்கில் கேட்பது. குடியால் உடலில் வைட்டமின் பி1 ஏற்கெனவே வற்றியிருக்கும். அதை ஈடுசெய்யாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருப்பதும் செலவாகிவிடும். பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம். பி1 ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு.

உடல் தெளிந்த பிறகுதான் பன்னிரண்டு படிகள், அதாவது குடியிலிருந்து மீள ஒவ்வொன்றாகச் செய்யும் பயிற்சிகள். 1935இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஏக்ரனில், பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் பிறந்தது, குடிநோயாளிகள் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பு. அதன் படிகளே இவை. அந்தப் படிகளை மருத்துவரும் ஆலோசகரும் சேர்ந்து நடத்தும் உள்சிகிச்சையாக மாற்றியது மினசோட்டாவின் ஹேஸல்டன், வில்மர் மையங்கள். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மையம் தமிழ்நாட்டில் இவ்வகைச் சிகிச்சைக்கு வழிகாட்டியது.

ஒரு மாதத்தில் பெரும்பாலும் முதல் ஐந்து படிகளே முடியும். முதல் படியில் "ஆமா சார், நான் குடிகாரன்தான்" என்று சொன்னால் போதாது. எந்த நகை அடகுக்குப் போனது, எந்தப் பிள்ளையின் பள்ளி விழா தவறியது, எத்தனை முறை சத்தியம் செய்து மீறினார் என்று சம்பவம் சம்பவமாக எழுத வேண்டும். இரண்டாம் மூன்றாம் படிகளில் இறைவன் வருவதால் கடவுள் மறுப்பாளர்கள் தயங்குவார்கள். ஒவ்வொருவரும் தாம் புரிந்துகொண்டபடி என்றுதான் படியே சொல்கிறது. கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாகக் கொண்டு மீண்டவர்களும் இருக்கிறார்கள்.

அதிகம் தடுமாறுவது நான்காம் படியில். யார்மேல் கோபம், எதனால், அது தன்னில் எதைக் காயப்படுத்தியது, அதில் தன் பங்கு என்ன என்று கட்டம் கட்டி எழுத வேண்டும். அண்ணன் பாகப்பிரிவினையில் ஏமாற்றியது, மாமனார் அவமதித்தது என முதல் மூன்று கட்டங்கள் பக்கம் பக்கமாக நிரம்பும். நான்காவது காலியாகக் கிடக்கும். அங்கேதான் ஆலோசகரின் வேலை. சிலர் நேர்மாறாகத் தன்னையே குத்திக் கிழித்துக்கொள்வார்கள். அவர்களிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டே ஆக வேண்டும். எழுதியதை ஐந்தாம் படியில் நம்பிக்கையான ஒருவரிடம் வாசிக்கிறார். அந்த ஒருவர் மனைவியாக இல்லாமல் ஆலோசகராகவோ மூத்த ஏ.ஏ. உறுப்பினராகவோ இருப்பது நல்லது.

வீட்டாருக்கும் இந்த மாதத்தில் வேலை உண்டு. குடும்ப வகுப்புகளுக்கு வராத வீட்டில், திரும்பி வருபவருக்கு அதே சந்தேகமும் அதே சண்டையும் காத்திருக்கும். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறோம்: குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரையைச் சாம்பாரிலோ காபியிலோ ரகசியமாகக் கலக்காதீர்கள். அதன்மேல் மது பட்டால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரிந்து மரணம்வரை போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கிறது. அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தால் மட்டுமே அது மருந்து.

"வண்டி அனுப்பித் தூக்கிட்டு வந்துடுவோம்" என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளுக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவது குற்றம். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்கவும் தனி நடைமுறை உண்டு. அதற்கும் முதல் வரம்பு 30 நாள்தான். மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, இரவில் செவிலியர் இருப்பாரா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வீடு திரும்பியதும் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்பது ஏ.ஏ. வழக்கம். பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கில் ஒன்று முற்றும்போதுதான் குடி நினைப்பு தலைதூக்கும். சம்பள நாளும் கல்யாண வீடும் சாவு வீடும் கூடுதல் ஆபத்து. கூட்டத்துக்குப் போவது குறைந்து, "எனக்குத் தெரியும்" என்ற பேச்சு கூடினால், குடிப்பதற்குப் பல வாரம் முன்பே சறுக்கல் தொடங்கிவிட்டதென்று பொருள். மீறி ஒருநாள் குடித்துவிட்டால் மறுநாளே வழிகாட்டியான மூத்த உறுப்பினரை அழைத்துக் கூட்டத்துக்குப் போகட்டும். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் வீட்டில் நிறுத்த முயலாமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.